கந்தகப் பல்லிக்கு ஒரு கட்டம்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுவதுதான் என் பிழைப்பு. நான் வரைந்த மயிலும் புலியும் தீபாவளியன்று பொழுது சாய்வதற்குள் கிழிந்து சாக்கடைக்குப் போய்விடும். என் கலைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

போன சீசன் முடிந்ததும் விருதுநகர்க்காரர் ஒருவர் வேறு மாதிரி ஆர்டரோடு வந்தார். பிள்ளைகள் சேர்த்துவைத்து விளையாடும் அட்டைகள். உலகத்தில் இல்லாத பிராணிகளின் படம். கீழே வலிமை, வேகம், பலவீனம். ஆளுக்கொரு அட்டை இறக்க வேண்டும். வலிமை கூடின அட்டைக்காரர் மற்றதை அள்ளிக்கொள்ளலாம். அதில் ஒரு மூன்று தலைக் கருடன் இருந்தது. மூன்று தலைக்கும் ஒரே நேரத்தில் பசிக்குமா, ஒன்று தூங்கினால் மற்றவை என்ன செய்யும் என்று வேலையை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

அச்சடிக்கும் ஒரு தாளில் முப்பத்தாறு அட்டைக்குக் கட்டம். அவர் கொடுத்ததோ முப்பத்தைந்து பிராணி.

"காலியா விட்டா அசிங்கமா இருக்கும்லே. எதையாவது போட்டு நிரப்பு" என்றார் முதலாளி.

கந்தகப் பல்லியைப் படைத்தேன். இருப்பிடம், எம். புதுப்பட்டி. பலவீனம், மழை. வலிமை, தொண்ணூற்றைந்து, படைத்தவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை? ஏதோ ஒரு பிள்ளையின் சட்டைப்பையில் என் படம் ஒன்று வெடிக்காமல் கிடக்கப்போகிறது என்ற நினைப்பிலேயே மத்தியானச் சோற்றை மறந்துவிட்டேன்.

சாம்பிள் அடித்து வெட்டியதும் விருதுநகர்க்காரர் வந்தார். பல்லியைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

"'கையை நீட்டிப் பற்ற வைக்கவும். வெடிக்காவிட்டால் அருகில் செல்ல வேண்டாம்.' ஏங்க, இது விளையாட்டுச் சாமானா, வெடியா?"

நெருப்பு நிறத்துக்காகப் பழைய பட்டாசுப் பெட்டி டிசைனைத் திறந்து, அதன் மேலேயே பல்லியை வரைந்திருந்தேன். அடியிலிருந்த எச்சரிக்கை அப்படியே நின்றுவிட்டது. தினமும் பார்க்கிற வரி. என் கண் அதை எழுத்தாகவே மதிப்பதில்லை.

"இந்தப் பல்லியே வேண்டாம். கட்டம் காலியா இருந்துட்டுப் போகுது" என்றார்.

அப்போது பேக்கிங் மேசையிலிருந்து ஒரு கூச்சல். சாம்பிளில் கழித்துப்போட்ட அட்டைகளை வைத்துப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"கைய எடுங்கக்கா! பல்லி எறங்கிருக்குல்ல? அடுத்த சுத்து வர்ற வரைக்கும் யாரும் தொடப்படாது. தொட்டா கைல இருக்க அட்டைல ஒண்ணு போச்சு!"

"இந்தச் சட்டத்த யாரு போட்டது?" என்று கேட்டார் விருதுநகர்க்காரர்.

"அட்டையிலயே போட்டிருக்கே! வெடிக்காட்டி கிட்ட போகாதன்னு. படிக்கலையா நீங்க? வாங்க, உக்காந்து ஆடிப் பாருங்க."

உட்கார்ந்தார். பல்லி இறங்கியது. யாரும் அசையவில்லை. மனிதருக்குப் பொறுமை இல்லை. அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார். அவருடைய மூன்று தலைக் கருடன் போயே போய்விட்டது. மேசையே சிரித்தது.

எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்த வரி இருக்கட்டும். எழுத்த மட்டும் பெருசாக்குங்க. ஆனா ஒண்ணு, பல்லிக்கு எதுக்கு இம்புட்டு வலிமை? இருபது போதும்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் கையாலேயே தொண்ணூற்றைந்தை அழித்து இருபதாக்கினேன். பேக்கிங் அக்கா ஒருவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"பல்லி மூஞ்சியையும் மாத்திருவீகளா? உங்க மூஞ்சி அச்சா அப்படியே இருக்கேன்னு கேட்டேன்."

உற்றுப் பார்த்தேன். இருந்தது. பல்லியின் முகத்தை மாற்றும்படி விருதுநகர்க்காரர் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.