நானூறு மீட்டரும் நாற்பத்து மூன்று மார்க்கும்

முதல் பீரியடில் எங்கள் பெஞ்சைச் சுற்றி மட்டும் வலித்தைல வாசனை அடிக்கும். காலையில் ஓடி முடித்து, கெண்டைக்காலில் தைலத்தைத் தேய்த்துவிட்டு, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவோம். முன் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கும் மும்தாஜுக்கும் அதில் ஒரு பெருமை...

பத்தாம் வகுப்பு. குளத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. நான் ஆவூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். மும்தாஜ் வீடு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. இரண்டு பேருக்கும் நானூறு மீட்டர்தான். ஓட்டத்தில் நான் எப்போதும் அவளுக்குப் பத்தடி முன்னால். கணக்கில் அவள் எங்கேயோ, நான் எங்கேயோ.

காலாண்டில் எனக்குக் கணக்கில் இருபத்திரண்டு.

கணக்கு சார் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேரே ஹெச்.எம். ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அடுத்த டெஸ்ட்ல முப்பத்தஞ்சு எடுக்கலைன்னா, பப்ளிக் முடியிற வரைக்கும் இந்தப் பிள்ளை கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாதுங்க மேடம்" என்றார். ஹெச்.எம். தலையாட்டிவிட்டார்.

டெஸ்டுக்கு இரண்டு வாரம். அதற்கு அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. நானூறு மீட்டருக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவது என்று பி.டி. டீச்சர் முடிவு செய்திருந்தார். எங்கள் இருவரையும் நிற்க வைத்துக்கொண்டே, "அமலி, நீ பாஸ் பண்ணலைன்னா மும்தாஜ்தான் ஓடணும்" என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அழுதுகொண்டு நின்றேன். மும்தாஜ் பின்னாலேயே வந்தாள்.

"ஏன்டி இங்கிட்டு நின்னு அழுவுறே? நாளையிலேருந்து ஓடும்போதே கணக்குப் போடலாம்."

"ஓடும்போது எப்படிடி?"

"வா. சொல்றேன்."

மறுநாள் காலை. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று இருநூறு மீட்டர். மெதுவாக ஓடிக்கொண்டே கேட்டாள்:

"மொத ரவுண்டு அறுவது செகண்ட். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ரெண்டு ரெண்டு செகண்டாக் கொறைக்கிறே. எட்டாவது ரவுண்டு எத்தனை?"

"எழுபத்திநாலு?"

"லூசு... வேகமா ஓடுனா நேரம் ஏறுமா, எறங்குமா?"

சட்டென்று நின்றுவிட்டேன். போர்டில் எத்தனையோ முறை பார்த்தும் புரியாத அந்த மைனஸ், அன்றைக்குக் காலுக்குப் புரிந்தது. "நாப்பத்தாறு!" என்று கத்தினேன். வேப்பமரத்தடியில் நின்ற பி.டி. டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு வாரமும் இப்படித்தான். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி. தப்பாகச் சொன்னால் இன்னொரு சுற்று. சில நாள் பத்து சுற்றுக்கு மேல் போயிருக்கிறேன்...

டெஸ்டில் நாற்பத்து மூன்று. பேப்பரைத் தூக்கிக்கொண்டு பி.டி. ரூமுக்கு ஓடினேன். டீச்சர் சிரித்தார். மேஜையிலிருந்த பட்டியலை எடுத்து, நானூறு மீட்டருக்கு நேராகப் பென்சிலில் எழுதியிருந்த பெயரை ரப்பரால் அழித்தார்.

மும்தாஜின் பெயர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. வெளியே வந்து அவளிடம் கேட்டேன். "ஏன்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தே? நான் ஃபெயிலானா நீதானே போயிருப்பே?"

என் கையிலிருந்த பேப்பரை வாங்கி மார்க்கைப் பார்த்தாள்.

"நீ முன்னாடி ஓடுனாத்தான்டி எனக்கு ஓடவே வருது. ஒத்தையா ஓடச் சொன்னா நான் நடந்துருவேன்."

போட்டியன்று அவளும் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு ஓட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அவளுடைய அத்தா வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டு, லேஸை இறுக்கிக் கட்டியிருந்தாள். கடைசி நூறு மீட்டரில் கால் இரண்டும் கனத்துப்போனபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் எனக்கு இணையாக ஓடிவந்தாள். "கையை வீசுடி அமலி! கையை வீசு!"

இரண்டாவதாக வந்தேன். மெடலை வாங்கியதும் முதலில் அவள் கழுத்தில்தான் போட்டேன். உடனே கழற்றித் தந்துவிட்டாள். முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டுதான் தந்தாள்.

ஜனவரியில் நிலைமை தலைகீழ். பப்ளிக் பயத்தில் மும்தாஜ் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். பகலெல்லாம் புத்தகம். தலைவலி வேறு. ரிவிஷனில் நன்றாகத் தெரிந்த தேற்றத்தைப் பாதியில் மறந்து, வெறும் பேப்பரைப் பார்த்து அழுதாள். நான் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினேன்.

"எந்திரி. இருவது நிமிசம் ஓடிட்டு வந்து படி."

"வேணாம்டி, நேரமில்லை."

"எனக்கு நீ நேரம் பாத்தியா?"

எழுந்து வந்தாள். ஐந்தாவது சுற்றில் அந்தத் தேற்றத்தை அவளாகவே மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தாள். பரீட்சைக்கு முதல் நாள் வரை அந்த இருபது நிமிடத்தை நாங்கள் விடவில்லை.

ரிசல்ட் வந்தது. கணக்கில் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு, எனக்கு அறுபத்தொன்று. பின்னாளில் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் இன்ஜினியராகி இப்போது குவைத்தில் இருக்கிறாள்.

என் மகள் ஏழாம் வகுப்பு. பேஸ்கட்பால் ஆடுகிறாள். நல்ல கோச், நல்ல ஷூ, கணக்குக்குத் தனி டியூஷன்... எந்த நேரத்தில் எது என்று என் ஃபோனில் அட்டவணையே இருக்கிறது. எங்களுக்கு இதில் ஒன்றுகூட இருந்ததில்லை. அவளுக்கு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

போன வாரம் கோச்சிங் முடிந்து கூட்டிவரும்போது, "டீம்ல ஒனக்கு யாருடா ரொம்ப ஃப்ரெண்டு?" என்று கேட்டேன்.

"செலக்‌ஷன் வருதும்மா... இப்ப எல்லாரும் காம்பெடிட்டர்ஸ்" என்றாள், சாதாரணமாக.

அவள் மேல் தப்பில்லை. அவள் காதில் விழுவது அந்த வார்த்தைதான்.

பதினைந்து வயதில் எனக்கும் மும்தாஜுக்கும் அந்த வார்த்தை தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் இரண்டு பேரும் பாஸானோம் என்று இப்போது தோன்றுகிறது...