எச்சில் பிரஷ்

கல்மண்டபத்தில் மீன்வலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எபினேசரின் பல் லேப். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் அடிக்கும். கீழேயிருந்து ஏறி வருகிற மீன் நாற்றம் அல்ல. அது அங்கே வேலை செய்கிற சாபிராவுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இது டப்பாவுக்குள் வருகிற நாற்றம். பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களின் வாயில் பசையை அழுத்தி எடுத்த அச்சை, டாக்டர்கள் கழுவித்தான் அனுப்ப வேண்டும். ஒருவரும் கழுவுவதில்லை. பள்ளங்களில் ரத்தம் உறைந்திருக்கும், கொத்தமல்லி ஒட்டியிருக்கும். ஒருமுறை இறாலின் கால் ஒன்று முழுசாக இருந்தது. அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த அச்சுகளைக் கழுவுவதுதான் முதல் வேலையாக இருந்தது. அதிகம் பேசமாட்டாள், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டு பீங்கான் மேஜைக்கு வந்துவிட்டாள். மிஷினில் கடைந்து வருகிற வெள்ளைக் கூட்டின் மேல், பீங்கான் பொடியைக் குழைத்து பிரஷ்ஷால் சிறிது சிறிதாக வைத்து, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். இரும்பு கலக்காத, முழுக்கப் பீங்கான் பல். இனியாவது சுத்தமான வேலை என்று நம்பித்தான் வந்தாள். ஆனால் பக்கத்து நாற்காலியில் அம்புரோஸ் இருந்தார்.

அம்புரோஸின் கன்னத்துக்குள் எந்நேரமும் மாவா புகையிலை அடங்கியிருக்கும். பொடியை எடுக்கும் முன் பிரஷ்ஷை வாயில் வைத்து உதட்டால் ஒரு இழுப்பு இழுப்பார். முடியெல்லாம் ஒன்றுசேர்ந்து ஊசி முனைபோல நிற்கும். அதே பிரஷ் பொடிக்குப் போகும், பல்லுக்குப் போகும், மறுபடி வாய்க்குப் போகும். அந்த லேபில் முன்பல் என்றால் அவர்தான். அவர் வைத்த முன்பல்லின் விளிம்பில், நிஜப் பல்லில் இருப்பதுபோல மெல்லிய நீலம் ஓடும். சாபிரா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கடைவாய்ப் பற்களைச் செய்துகொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் அவளுடைய தங்கை சைமாவுக்கு முன்பல் உடைந்தது. திருவொற்றியூரில் தண்ணீர் லாரியைச் சுற்றி முண்டியடித்த கூட்டத்தில் யாருடைய குடமோ வாயில் மோதியது. வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் போட்டோவில் சைமா சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னவர்கள். அன்றிலிருந்து அவள் துப்பட்டாவை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"லாத்தா, நீதான் செய்யணும். வேற யாரு கையும் வோணாம்" என்றாள் அக்காவிடம்.

தங்கையின் வாய் அச்சும் டப்பாவில் வந்தது. அதிலும் ரத்தம், இடியாப்பத்தின் ஒரு இழை வேறு. கூடப் பிறந்தவளின் வாய்தானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு குழாயடியில் பிடித்தாள். குமட்டல் அதைக் கேட்கவில்லை. யார் வாயாக இருந்தாலும் வாய் வாய்தான் என்று நினைத்தபோது அவள்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"முன்பல்லு நான் வைக்கேன் சார்" என்று எபினேசரிடம் கேட்டாள். தெற்கே நாசரேத் பக்கத்துக்காரரான அவருடன் பேசிப் பேசி அவளுக்கும் அந்தப் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் ஆச்சரியப்பட்டு, சரி என்றார்.

பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தாள், டிஷ்யூவில் ஒற்றினாள், கிண்ண விளிம்பில் தேய்த்தாள். முனை துடைப்பம்போல விரிந்துகொண்டே இருந்தது. வைத்த பொடியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கலந்தது. சூளையிலிருந்து எடுத்தபோது பல் சுண்ணாம்புக் கட்டியாக இருந்தது.

எபினேசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன பிள்ள இது, பாத்ரூம் டைல்ஸ ஒடச்சு வச்சாப்ல இருக்கு? அம்புரோஸ்கிட்ட குடுத்துரு."

"வேண்டாம் சார்."

"ஏன்?"

அவள் குனிந்து பிரஷ்ஷைக் கிண்ணத்தில் அலசினாள். அம்புரோஸ்தான் கடகடவென்று சிரித்தார். "நான் நக்குறது அதுக்கு கலீஜா கீது சார். தெனம் பாத்துகினுதான கீறேன், எம்மூஞ்சிய பாக்காம ஜன்னலுக்கு பல்லு கட்டினு கீது."

"அண்ணே, வாயக் கழுவிட்டு, நக்காம செஞ்சு குடுண்ணே" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நக்காம எனக்குக் கை ஓடாதுமே. ஒதடு புடிக்கிற கூரு தண்ணி புடிக்காது. தொள்ளாயிரம் டிகிரில வேவுது, என் எச்சி இன்னா, நானே உள்ள போனாலும் சாம்பல்தான்."

அது உண்மை. சூளைக்குப் பிறகு எதுவும் மிஞ்சாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சைமா முதல் கவளத்தைக் கடிக்கும்போது மாவா ஊறிய அந்த நாக்குதான் கண்ணில் நிற்கும் என்பதும் தெரியும். "நானே வைக்கேன்" என்று பல்லைத் திரும்ப வாங்கி, வைத்ததையெல்லாம் கூடுவரை தேய்த்து எடுத்தாள்.

புதிய பிரஷ் ஒன்றைப் பிரித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கில் வைத்து உதட்டால் இழுத்தாள். சிலேட்டுக்குச்சியின் ருசி. கண்ணைத் திறந்தபோது முனை ஊசியாக நின்றது. தன் எச்சில்தானே, சைமாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவளின் எச்சில், அது பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள். பொடி எடுத்தாள், வைத்தாள், மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு முறையும் குமட்டியது. ஒவ்வொரு முறையும் பொடி சொன்ன இடத்தில் உட்கார்ந்தது.

சைமா நிக்காஹ் அன்று துப்பட்டாவை விட்டுவிட்டுச் சிரித்தாள். எது புதுப்பல் என்று உம்மாவால்கூடச் சொல்ல முடியவில்லை. சாபிரா அந்தப் பல்லை நேராகப் பார்க்காமலே பிரியாணி பரிமாறினாள்.

திங்கட்கிழமை எபினேசர் இன்னொரு முன்பல்லை அவள் மேஜையில் வைத்தார். யாரோ ஒரு ஆளுடையது. பெயர்கூட அவள் பார்க்கவில்லை. எப்படியும் தண்ணீரில்தான் நனைப்பது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தாள். பாதிப் பல் எழும்பியபோது பிரஷ் அவள் உதடுகளுக்கு நடுவே இருந்தது. எப்போது போனது, எத்தனை முறை போனது, தெரியவில்லை.

ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள். சோப்பு நுரையை வாயில் விட்டுக் கொப்பளித்தாள். கொப்பளிக்கக் கொப்பளிக்க வாய் இன்னும் அழுக்காவதுபோல இருந்தது.

"இன்னாமே, டேஸ்ட்டு எப்டி கீது?" என்றார் அம்புரோஸ், சிவந்த பல் தெரிய. கேலிதான், ஆனால் தன் ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மேஜையில் பொடி காயத் தொடங்கியிருந்தது. காய்ந்தால் விரிசல் விடும். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, பிரஷ்ஷை நாக்கில் வைத்தாள்.