சாமியம்மாள் விசாரித்த தீவு

பன்னிரண்டாவது பிளாக்கில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாமியம்மாள் கேட்டாள்: "சார், அங்க போவ கப்பல்ல எம்மா நேரம்?"

புவியியல் ஆசிரியர் ஜெயகணேஷ் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "அந்த நாட்டுக் கரையிலேருந்து அரை மணிகூட ஆகாது, சாமியம்மா. முதல்ல ஒரு சின்னத் தீவு. அங்கேருந்து கடல் நடுவுல ரோடு." அவள் தலையாட்டிவிட்டு அடுத்த குவார்ட்டர்ஸ் வாசலைப் பெருக்கப் போனாள். மறுநாள் காலை வேறொரு கேள்வி வரும்.

பதினைந்து வருடமாக நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை. எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டாள். பண்ருட்டியில் பலாப்பழத்தைத் தட்டி, முகர்ந்து, கடைக்காரரின் சொந்த ஊர்வரை கேட்டுவிட்டு, வாங்காமலே அடுத்த கடைக்கு நடந்துவிடுவாள். இந்த முறை விசாரித்தது ஒரு தீவை. நிலவியல் படித்த மகள் செவ்வந்திக்கு எஸ்டோனியா நாட்டில், பால்டிக் கடலில் உள்ள சாரெமா தீவில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. "பொட்டப்புள்ளயப் பனியில தள்றியா?" என்றார் சாமியம்மாளின் அண்ணன் ராயப்பன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

டென்மார்க்காரர்கள், ஜெர்மானிய வீரர்கள், ஸ்வீடன், ரஷ்யா என்று தீவை ஆண்டவர்களைச் சார் அடுக்கினார். அவள் விரல்விட்டு எண்ணினாள். "இத்தினி பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. ஊரு அங்கியேதான இருக்குது?" சோவியத் காலத்தில் வெளியாட்கள் தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றதும் சிரித்துவிட்டாள். "நம்ம மைன்ஸ் கேட் பாஸ் மாதிரி!"

சனிக்கிழமை சார் சொன்னதுதான் அவளை நிறுத்தியது. ஒரு காலத்தில் மலைபோல் அழுத்திக் கிடந்த பனிக்கட்டியின் பாரம் நீங்கியதால் அந்தத் தீவு இன்னும் மேலே எழுந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர். கடல் விலகிப் புது நிலம் வருகிறது. சாமியம்மாள் பிறந்த ஊரோ சுரங்கத்துக்குள் போய்விட்டது. அங்கே அவள் அப்பாவின் பேரில் ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை.

"புதுசா வர்ற நெலத்துக்கு யாரு பேர்ல சார் பட்டா?"



அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள்: "போவட்டும்ணா. வளந்துகினு இருக்கிற ஊரு."

மே மாதம் ஒரு மதியம் செவ்வந்தி வீடியோவில் அழைத்தாள். பின்னால் சாம்பல் நிறக் கடல், கூழாங்கல் கரை. "நூறு வருஷம் முன்னாடி இந்த எடம் தண்ணிக்குள்ள இருந்திச்சும்மா."

"ஷூவக் கழட்டுடி."

"ஐயோ, குளுரும்மா!"

"கழட்டு. காலு படட்டும்."

மகளின் வெறுங்கால் ஈரக் கல்லில் பதிந்தது. சாலையோர வேப்பமரத்தடியில் நின்றிருந்த சாமியம்மாள், தன் செருப்பையும் கழற்றினாள்.