பத்தாவது பட்டன்

அலுவலகத்தில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிற வேலை. யார் போட்ட கோடாவது அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தாளில் அரை மில்லி என்றால் தரையில் கால் மீட்டர், யார் வீட்டுச் சுவரை இடிக்கப் போகிறாய் என்பார். நியாயம்தான். அந்த நியாயத்தை ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தால் யாருக்கும் வம்பில்லை. மனுஷன் அதை வீட்டுக்கும் அல்லவா தூக்கிக்கொண்டு வந்தார்!

அவர் மனைவியின் அண்ணன் தையல்காரர். காவலாளிகளுக்கும் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் சீருடை தைப்பவர். தங்கை புருஷன் என்கிற மரியாதை ஆறு மாதம் தாங்கியது, அப்புறம் நீ வா போ என்று ஆகிவிட்டது. ஒருநாள் பழைய படப்புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆற்றங்கரையில் இரண்டு ராஜாக்கள் மோதிக்கொண்ட கதை. சண்டையை யார் பார்த்தார்கள்? தையல்காரர் பார்த்தது சிப்பாய்கள் போட்டிருந்த கோட்டுகளை. என்ன காலர், என்ன மடிப்பு என்று ஒவ்வொரு பக்கமாகத் தடவிக் காட்டினார். இந்த மாதிரி சிப்பாய்களைக் குட்டிக்குட்டி உலோகப் பொம்மையாக விற்கிறார்களாம், நாமே வண்ணம் பூசி, மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அந்தச் சண்டையைத் திரும்பப் போடலாமாம். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றார். அரைமில்லிக்கும் ஆசை பற்றிக்கொண்டது.

பொம்மைகள் பல உயரத்தில் கிடைக்கும். இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்றால் விரலில் ஒன்றரைக் கணு இருக்கும். பதினைந்து அதில் பாதி. ஆறு என்றால் எறும்புக்கு அண்ணன். விதிப்புத்தகமும் அப்படித்தான். ஒன்றில் ஒரு பொம்மை ஒரே ஆள், இன்னொன்றில் ஒரு பொம்மை ஐம்பது ஆள். தையல்காரர் எதையும் யோசிக்கவில்லை. பெரிசில்தான் பட்டன் தெரியும் என்று இருபத்தெட்டிலேயே வாங்கினார். நீலக்கோட்டு பன்னிரண்டு, சிவப்புக்கோட்டு பன்னிரண்டு. கடையை அடைத்த பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து வண்ணம் பூசி, நூல்கண்டு டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கி, பன்னிரண்டே பக்கமுள்ள ஒரு விதிப்புத்தகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

அரைமில்லி ஒரு பொம்மையை எடுத்து அளவுகோலில் வைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். துப்பாக்கி பன்னிரண்டு அங்குலம் சுடும் என்று போட்டிருந்தது. இந்த உயரத்து ஆளுக்கு அது பதினெட்டு மீட்டர்தான், கையால் கல் விட்டாலே அதைத் தாண்டிப் போகும் என்றார். இருபதாயிரம் பேர் மோதிய இடத்தில் இருபத்துநாலு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அதோடு விட்டாரா?

"இது போர் இல்ல மச்சான், தெருச்சண்டை. அப்புறம் இந்த நீலக்கோட்டுக்கு ஒன்பது பட்டன்தான். நான் படத்துல லென்ஸ் வச்சு எண்ணிட்டேன். நீங்க பத்து வச்சிருக்கீங்க."

இருபத்தைந்து வருஷமாகப் பட்டன் தைக்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது! தையல்காரர் சிரித்தார். ஒவ்வொன்றாகப் பஞ்சில் படுக்க வைத்து டப்பாவை மூடினார். "சரி மாப்ள. நீயே அளவை முடிவு பண்ணு. சொல்லி அனுப்பு, ஓடி வர்றேன்."

முடிவு பண்ணத்தான் பதினோரு வருஷம் ஆயிற்று. பதினைந்து மில்லியில் நாற்பது பேருக்கு வண்ணம் பூசினார். பொம்மை நிற்கிற அடித்தட்டின் அகலம் அவர் தேர்ந்தெடுத்த விதிக்குப் பொருந்தவில்லை, பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். விதியை மாற்றினார். அந்த விதிக்குப் பத்து மில்லிதான் சரி என்று தோன்றியது. அதுவும் பரணுக்குப் போனது. கடைசியில் ஆறு மில்லி, நூற்றுத்தொண்ணூறு பக்க விதிப்புத்தகம். புகையைக் கணக்குப் போடவேண்டும், குதிரையின் களைப்பைக் கணக்குப் போடவேண்டும். நிஜச் சண்டையே ஒரு பகலில் முடிஞ்சுதாமே, உங்களுக்கு மட்டும் என்ன என்று மனைவி கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

தையல்காரர் வரும்போதெல்லாம் அளவு முடிவாச்சா மாப்ள என்று கேட்பார். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று இன்றைக்கு அரைமில்லியைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அண்ணன் ஊசியில் நூல் கோக்க ஆள் தேடுகிறார் என்று மனைவி சொன்னாள். கண்ணில் அழுத்தமாம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம் என்றும் சொன்னாள். அப்போது அவர் ஒரு குதிரைக்கு வால் வரைந்துகொண்டிருந்தார். ம்ம் என்றார்.

ஓய்வு பெற்ற நாலாவது மாதம் படை தயாரானது. இரண்டாயிரத்து நானூறு பேர். ஆறு, பாலம், மேடு, எல்லாம் அச்சு அசல். மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார். தங்கை கையைப் பிடித்துக்கொண்டு, படியைக் காலால் தேடித்தேடித் தையல்காரர் ஏறி வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அரைமில்லிக்கு உறைத்தது.

தையல்காரர் மேஜைமேல் கையை ஓட்டினார். பத்துப் பதினைந்து ஈட்டிகள் மளமளவென்று மடங்கின.

"என்ன மாப்ள, உப்புத்தாள் மாதிரி இருக்கு?" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். எது ஆறு, எது குதிரை என்று அரைமில்லி சொல்லிக்கொண்டே போக, ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று தலையாட்டினார். இவ்வளவு பாடுபட்டு ஒரு குருட்டு மனுஷனைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அரைமில்லிக்கு ஆகிவிட்டது. மெதுவாக, அந்த நூல்கண்டு டப்பா இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் இருக்கு, ஒரு ஆட்டம் பாதியில் நிற்குது, நாளைக்கு வா என்றார் தையல்காரர்.

மறுநாள் காலையில் போனார். துணி வெட்டுகிற மேஜையில் நீல லைனிங் துணி ஆறாக ஓடியது. நூல்கண்டுகள் மேடு, மர ஸ்கேல் பாலம். ஆற்றின் இரு பக்கமும் அந்த இருபத்துநாலு பேர். தொட்டுத் தொட்டுத் தொப்பி முனையெல்லாம் வண்ணம் போய் உலோகம் மின்னியது. நீலக்கோட்டுக்காரனுக்கு உயரத் தொப்பி, சிவப்புக்கு முக்கோணத் தொப்பி. கட்டைவிரலை வைத்தால் யார் என்று தெரிந்துவிடும் அவருக்கு. அளவு டேப்பில் அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக நூல் போட்டு வைத்திருந்தார். பன்னிரண்டு பக்க விதியும் மனப்பாடம். தூரம் சரியில்லை என்று நீ சொன்னாயே, அதனால் துப்பாக்கிக்கு மட்டும் இரண்டு மடங்கு வைத்துக்கொண்டேன் என்றார்.

யாரோடு ஆடினீர்கள் என்று கேட்டார் அரைமில்லி.

"உன்னோடதான். நீலம் நீ, சிவப்பு நான். உனக்கும் சேர்த்து நானே ஆடுவேன். உன் ஆளுங்க ரொம்ப யோசிப்பாங்க, பாலத்துக்கிட்ட வந்து நின்னுடுவாங்க. நீ அப்படித்தானேன்னு அப்படியே ஆடுவேன்."

"நான் எப்பவாவது ஜெயிச்சேனா மச்சான்?"

"ரெண்டு தடவை. நான் விட்டுக்கொடுத்தேன்."

அரைமில்லி நாற்காலியை இழுத்துப் போட்டு நீலப் பக்கம் உட்கார்ந்தார். தையல்காரர் பகடையை உருட்ட, விழுந்த எண்ணை இவர் சொன்னார். மூன்று விழுந்தால் மூன்று என்றார். சிவப்பு மூன்று முடிச்சு முன்னேறியது. இப்போது நீலத்தின் முறை. பாலத்து முனையில் நின்றவனைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், கோட்டுப் பட்டனை எண்ணினார். ஒன்பது. அடுத்தவனை எடுத்தார். ஒன்பது. பத்தாவது பட்டன் இருந்த இடத்தில் கொஞ்சம் வேறு நீலத்தில் ஒரு சின்னத் திட்டு. பன்னிரண்டு கோட்டிலும் அந்தத் திட்டு இருந்தது. கடைசி மூன்று பேருக்குக் கை தடுமாறி, வண்ணம் காலர்வரை இழுபட்டிருந்தது.

"என்ன மாப்ள, நின்னுட்ட?"

"எண்ணிட்டிருந்தேன் மச்சான்."

"எண்ணினது போதும். நகர்த்து."

அவனைப் பாலத்தின்மேல் வைத்தார். பொம்மை கொஞ்சம் கோணலாக நின்றது. அதை நேராக்காமல் அப்படியே விட்டார்.