வீடு பார்க்க வந்த மாரியம்மா

அடக் கொடுமையே, வீடு பார்க்க வந்தவர்கள் செய்கிற காரியமா அது! செங் என்ற ஊரில் கலைமகள் வீட்டுக் குசினி அடுப்பில் அன்று நடந்ததைச் சொன்னால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள்.

கலைமகளுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரே ஃபேக்டரியில் முப்பது வருஷம் நின்றே வேலை செய்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. ஜோகூரில் இருக்கும் ஒரே மகள் தாரணிக்கு அடுத்த மாதம் பிரசவம். "வீட்ட வித்துட்டு சீக்கிரம் வாம்மா" என்று தினமும் போன். விற்காமல் பூட்டிவிட்டுப் போனால் கள்ளன் வயரைக்கூட விட்டுவைக்க மாட்டான். அதனால் வீடு கைமாறினால்தான் கலைமகள் கிளம்ப முடியும்.

நான்கு மாதமாக வந்து பார்த்தவர்கள் கொஞ்சமா? ஒருவன் செருப்புக் காலோடு சாமி மேடை வரைக்கும் போனான். ஒரு அம்மாள் கூச்சமே இல்லாமல் பீரோவைத் திறந்து சேலையைத் தடவிப் பார்த்தாள். கலைமகளும் லேசுப்பட்டவள் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, புருஷன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார் என்று காட்டுவாள். அவர்கள் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

வீட்டு ஏஜெண்டு தேவிஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, கதை பேசாதீங்க லா. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. பின்னாலயே போகாதீங்க." வாங்குகிறவர்களுக்கும் அவளிடம் சட்டம் உண்டு. எதையும் தொடக்கூடாது. வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே குறை சொல்லவே கூடாது, பிடிக்காவிட்டால் பிறகு அவளுக்கு மெசேஜ் போட்டால் போதும்.

அந்த வியாழக்கிழமை காலை வந்தவர்கள் மாரியம்மாவும் அவர் மகன் கிஷனும். டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில் இருப்பவர்கள். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. கிஷனுக்கு பேங்க் லோனும் கிடைத்துவிட்டது. "இவங்கதான் ஆன்ட்டி நெசமா வாங்கற ஆளு. கெடுத்துறாதீங்க" என்று முந்தின நாளே தேவிஸ்ரீ எச்சரித்திருந்தாள். அவளே அலோர் காஜாவிலிருந்து வரும் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டாள்.

கிஷன் காரை நிறுத்த இடம் தேடிப் போக, மாரியம்மா ஒரு பையோடு முதலில் வந்தார். செருப்பை வெளியிலேயே கழற்றினார். வலது காலை எடுத்து வைத்து நுழைந்தார். சாமியைக் கும்பிட்டார். இத்தனை பேரில் மரியாதை தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான் என்று கலைமகளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"குசினி எங்கம்மா?"

"பின்னாலக்கா. போய்ப் பாருங்க."

ஏஜெண்டு சொன்னபடி கலைமகள் வாயை இறுக்கிக்கொண்டு ஹாலிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டக்கென்று கேஸ் அடுப்புப் பற்றுகிற சத்தம். தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. எழுந்து ஓடினாள்.

அடுப்பில் மஞ்சள் குங்குமம் வைத்த புத்தம்புதுப் பானை. அதில் பால். மாரியம்மா கைகூப்பி நின்றார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"பால் காய்ச்சுறேன்மா. நாளைக்கு ஆடி பொறந்துடும். அப்புறம் ஆகாதுல்ல?"

"ஐயோ, இது என் வீடுக்கா! நான் இன்னும் இங்கதான் இருக்கேன்! உயிரோடதான் இருக்கேன்!"

அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள். பால் விளிம்புக்கு வந்துவிட்டது. பொங்குகிற பாலைப் பாதியில் அணைப்பதா? எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அது மட்டும் அவளால் ஆகாது. நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். காலையில் அவள் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்த நேரம் பார்த்து கிஷனும் தேவிஸ்ரீயும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். தேவிஸ்ரீ வாயில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, என்னம்மா இது! பாக்கத்தானே வந்தோம்!" என்று கிஷன் கத்தினான்.

மாரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாக்குறதுன்னா வேற என்னடா? தோட்டத்து ஆபீஸ்ல கிராணி ஒரு வீட்டு நம்பரச் சொல்லுவாரு. போவோம், பால் காய்ச்சுவோம், சட்டிபானைய எறக்குவோம். மூணு லயம் மாறியிருக்கேன். பாத்துட்டுத் திரும்பிப் போறதுக்கு எதுக்குடா வரணும்?"

அறுபத்தொரு வயது வரைக்கும் வீடு பிடிச்சிருக்கா என்று ஒருத்தரும் கேட்காத மனுஷி! கலைமகளின் ஆத்திரம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"புடிச்சிருக்கான்னு பாக்கத்தாங்க்கா வர்றது" என்றாள். "சொல்லுங்க, வீடு உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"எனக்கா?" மாரியம்மா மகனைப் பார்த்தார். "என்னையா கேக்குறாங்க?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி தேவிஸ்ரீ கண்ணைக் காட்டினாள். மாரியம்மா கவனிக்கவில்லை. அப்போதுதான் குசினியைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தொட்டார். பகல் பத்து மணிக்கு எரிந்துகொண்டிருந்த லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

"புடிக்கலம்மா. இவ்வளவு இருட்டுல எப்படி நின்னு சமைக்கிறது?"

தேவிஸ்ரீயின் முகம் செத்துப்போயிற்று. "அம்மா!" என்று பல்லைக் கடித்தான் கிஷன்.

"கேட்டாங்க, சொன்னேன்டா."

பாலையும் காய்ச்சிவிட்டுப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிற ஒருத்தியைக் கலைமகள் எங்கே பார்த்திருக்கிறாள்! நியாயமாகக் கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவளும் அந்த லைட்டை அண்ணாந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷம் அந்த லைட்டைப் போட்டுத்தான் அவளும் சமைத்தாள். அவள் ஷிப்டில் இருந்த ஒரு நாள் புருஷன் வீட்டைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். பிறகு குசினியைப் பெரிசாக்குகிறேன் என்று இருந்த ஒரே ஜன்னலையும் அடைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"இருட்டுதாங்க்கா" என்றாள். "ஜன்னல் வெச்சா வெயில் அடுப்பு வரைக்கும் வரும். எங்க வேணும்னு காட்டுங்க. அடுத்த வாரமே ஆள் கூப்பிட்டு வெச்சுத் தரேன்."

"ஆன்ட்டி! விக்கிற வீட்டுக்கா?" என்றாள் தேவிஸ்ரீ.

கலைமகளுக்கே தன் வாய் சொன்னதை நம்ப முடியவில்லை. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. பாலைக் கோப்பைகளில் ஊற்றத் தொடங்கினாள்.

மாரியம்மா சுவரில் இடம் பார்த்து, விரலில் இருந்த குங்குமத்தால் ஜன்னல் வரவேண்டிய நான்கு மூலைக்கும் பொட்டு வைத்தார்.

"வெச்சதும் கூப்பிடும்மா. வந்து பாக்குறேன்" என்றார். "புடிச்சிருக்கான்னு அப்ப மறுபடி கேளு."