ஆறு நாற்பதுக்கு வாசல் கதவு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அதற்கு எனக்குத் தெம்பும் இல்லை. பார்சல் கிடங்கில் பத்து மணி நேரம் நின்றபடியே வேலை பார்ப்பவன் உட்கார்ந்து கதை கட்டமாட்டான். இது நடந்தது. என் வீட்டில், இன்னும் முழுசாக இருட்டாத சாயங்கால நேரத்தில் நடந்தது.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். பகல் முழுக்க அவர் தனியாக இருப்பார். வாசல் இரும்புக் கதவை உள்பக்கம் சங்கிலி சுற்றிப் பூட்டிவைப்பார். நான் வந்ததும் அவர்தான் திறக்க வேண்டும். ஓய்வு பெற்ற மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் அது. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. என்னுடையது உருண்டை விளக்கும் நீள சீட்டுமாகப் பழைய காலத்துத் தோற்றத்தில் வரும் புது பைக். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். பார்க்கத்தான் சிங்கம், சத்தம் பூனை. ஹாரன் அடிப்பேன், கதவைத் தட்டுவேன், தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாள் இருபத்தைந்து நிமிடம் தெருவிலேயே நின்றேன். கால் இரண்டும் கெஞ்சின.

விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது. போனில் பிடித்துக்கொண்டாள்.

"காது கேக்காதவரைத் தனியா விட்டுட்டுப் போறியே, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? பேசாம ஹோம்ல சேர்த்துடலாம்டா."

"கேக்குதுக்கா. வண்டி சத்தம்தான் பத்தல."

"சரி, ஒரு மாசம் பாக்குறேன்."

அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மெக்கானிக்கிடம் போனேன். கம்பெனி சைலன்சர்களைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் குட்டைக் குழாய்கள் இரண்டை மாட்டச் சொன்னேன். குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் நட்டு மழை பட்டு அதற்குள் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மெல்லத் திருகினார். புதுக் குழாயின் உள்ளேயிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை உருவிக் காட்டினார்.

"இதான் சார் சத்தத்தை அமுக்குறது. இதையும் எடுத்துடவா? தெருவே திட்டும்."

"திட்டட்டும். எங்கப்பாவுக்குக் கேட்டாப் போதும்."

ஸ்டார்ட் செய்தார். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. குழாய்களுக்குப் பின்னால் உள்ளங்கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் சமமா மூச்சு விடுது சார்."

அன்று மாலை மணி 6.40. தெருமுனையில் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென ஆடின. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து முறைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் வாசல் கதவு திறந்திருந்தது. சங்கிலியைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தினமும் 6.40. தினமும் கதவு திறந்திருக்கும். ஒருநாள்கூடத் தவறவில்லை. அக்காவுக்குப் பெருமையாகப் போன் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி வண்டி நின்றது. தள்ளிக்கொண்டே வந்தேன். என்ஜின் சத்தமே இல்லை. மணி 6.52.

கதவு திறந்திருந்தது.

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுச்சே."

எனக்கிருந்த அலுப்பில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பதினேழாம் நாள் கிடங்கில் லோடு தாமதம். வீட்டுக்கு வரும்போது மணி 8.10. கதவு பூட்டியிருந்தது. என்ஜினை முறுக்கினேன். டப்... டப்... டப்... உள்ளே சங்கிலி உரசியது. அப்பா திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீ... எப்ப வெளிய போனே?"

"இப்பத்தான்பா வர்றேன்."

"ஆறு நாப்பதுக்கே வந்தியே. டீ கூடக் குடிச்சியே..."

மேஜையில் என் கோப்பை. காலி.

தொட்டேன்.

இன்னும் சூடு ஆறவில்லை...

அப்பாவுக்கு ஞாபகம் பிசகுகிறது என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? மறுவாரம் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதலில் காதைப் பார்த்துவிடலாம் என்றார். அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்த பெண், அரை மணி கழித்து என்னைத் தனியாக அழைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா கொஞ்சம் மந்தம்..."

"மந்தம் இல்லைங்க. ரெண்டு காதும் சுத்தமா போயிடுச்சு. ரெண்டு வருஷமாவது ஆயிருக்கும். உதட்டைப் பார்த்தே சமாளிச்சிருக்கார்."

வெளியே பெஞ்சில் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன்.

"கேக்கலன்னு ஏன்பா சொல்லல?"

"சொன்னா ஹோம்ல விட்டுடுவீங்க." தலையைக் குனிந்துகொண்டார்.

முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். "அப்ப நான் வர்றது எப்படித் தெரியும்?"

"நீதானப்பா வந்து தோளைத் தொடுவே. உடனே போய்த் திறப்பேன். அன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை தொட்டே."

"கதவு உள்பக்கம் பூட்டியிருக்குமே... நான் எப்படிப்பா உள்ளே வந்து தொடுவேன்?"

சங்கிலி சுற்றுவதுபோல் விரலை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார்.

"அதை நான் நினைக்கலையே..." என்றார்.

அப்பாவுக்காகத்தான் அந்தச் சத்தத்தை மாட்டினேன். கேட்டு எழுந்தது வேறு யாரோ.

மறுநாளே பழைய சைலன்சர்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். பூனைச் சத்தம். பயனில்லை. இப்போது காலை ஷிப்டுக்கு மாறி நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். 6.40 ஆகும். அவருடைய இடது தோள் லேசாக அமுங்கும்...

எழுந்து போவார். சங்கிலியை அவிழ்ப்பார்.

திறப்பார்.

ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்.

மூடுவார்.

நேற்று அக்கா போன் செய்தாள். மாதம் முடிந்துவிட்டது. காதுப் பரிசோதனையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"உண்மையைச் சொல்லு. நீ வேலைக்குப் போனா அப்பா வீட்டுல தனியாத்தானே இருக்கார்?"

அப்பாவின் தோளைப் பார்த்தேன்.

"இல்லக்கா," என்றேன். "தனியா இல்ல."