தரை அண்ணன் தொங்கவிட்டு முறுக்கிய போல்ட்

பெற்றவர்கள் வைத்த பெயரில் அவரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொழிலில் அவர் தரை அண்ணன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள்; அவர்கள் சொல்ல மறந்தால் அவரே ஞாபகப்படுத்துவார்.

பெயர் வந்த கதை இதுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆர்மின் நுனியில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அதன் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது, கார் தன் முழுப் பாரத்தோடு சக்கரத்தில் நிற்க வேண்டும். லிப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் திருகிக்கொள்ளும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். "தரையில இறக்கிட்டு முறுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியே அண்ணன் அந்தப் பெயரைச் சம்பாதித்தார்.

கத்தலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் தங்கையின் கணவர். பட்டறையில் அண்ணனுக்கு வலது கை மாதிரி இருந்தவர். பேச்சு மட்டும் அவ்வளவாக வராது. ஒரு தடவை ஏதோ ஞாபகத்தில் தொங்கவிட்டே முறுக்கிவிட்டார். புஷ் கிழிந்து அந்தக் கார் திரும்பி வந்ததும் அண்ணன் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையாச்சேன்னு சேர்த்துக்கிட்டதுக்கு எனக்கு நல்லா வேணும்! உங்க கைக்கெல்லாம் ஸ்பேனர் ஒரு கேடா?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு போனவர்தான், மறுநாளே ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட்டார். தங்கையும் பட்டறைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். அண்ணன் அதோடாவது விட்டாரா? வருகிற போகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் அந்தக் கதையைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிச் சிரித்தார்.

அப்படிச் சிரித்துக் கேட்டவர்களில் ஒரு பல் டாக்டரம்மாவும் உண்டு. அவரிடம் இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அடிப்பக்கம் முழுவதையும் புதிதாக்கிக் கொடுங்கள் என்று விட்டுப்போனார். அண்ணன் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல வேலை பார்த்தார். துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, குட்டையான கெட்டி ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது புஷ் எல்லாம் மாட்டினார். எல்லாம் முடிந்து போல்ட்டை முறுக்குவதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். குட்டை ஸ்பிரிங் போட்டதில் கார் தரையோடு தரையாக உட்காரும்; அடியில் கையே நுழையாது. கனமான பலகைகளை வைத்து அவற்றின் மேல் காரை ஏற்றினால்தான் அடியில் படுத்து முறுக்கலாம். சக்கரம் பலகையில் ஏறுகிறதா என்று வெளியே நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். முன்பு மாப்பிள்ளை இருந்தார். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஓடி வந்திருப்பான். ஆனால் தனியாக முடியவில்லை என்று அவனிடம் போய் நிற்பதா? கார் லிப்டில் இருந்தது, போல்ட் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு தடவைதானே என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டே முறுக்கிவிட்டார்.

கார் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டு திரும்பி வந்தது. லிப்டில் தூக்கிப் பார்த்தால் புஷ் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார்.

"தொங்கவிட்டு முறுக்கினா இப்படித்தான் ஆகும்னு சொல்வீங்களே அண்ணே? மறுபடி அந்த மாப்பிள்ளை கை வச்சிட்டாரா?" என்று சிரித்தார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமாங்க. ஒரு நாள் உதவிக்கு வந்தாரு," என்றார் அண்ணன்.

பிறகு புது புஷ் மாட்டி, எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டு, பலகை வைத்து ஒழுங்காக முறுக்கிக் கொடுத்தார். அன்று சோறு இறங்கவில்லை. டயர் கடையில் இருக்கிற மனுஷனுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

சில நாள் கழித்துத் தங்கை வந்தாள். அவர் அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"பழைய கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் சேர்ந்து சொந்தமா பட்டறை போடுறாங்கண்ணா. அதைப் பார்த்துக்க இவரைக் கூப்பிட்டிருந்தாங்க. ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. உன் டாக்டரம்மாதான் அங்க ஆள் எடுக்குறாங்க."

அண்ணன் கையிலிருந்த துணியை ஸ்டூல் மேல் வைத்தார்.

"முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேட்டிருக்காங்க. உன் பட்டறைன்னு சொல்லியிருக்காரு. 'அப்ப என் சிவப்புக் காரைக் கெடுத்தது நீங்கதானா? அண்ணனே சொன்னாரே'ன்னு கேட்டாங்களாம்."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"ஆமாங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டாரு. ஏன்யா அப்படிச் சொன்னேன்னு சண்டை போட்டேன். 'மச்சான் வாயில அப்படி வந்திருக்குன்னா ஏதோ சங்கடத்துல மாட்டியிருக்காரு. நான் இல்லேன்னு சொன்னா அவர் பேரு என்னாகும்'னு என்னையே திருப்பிக் கேக்குறாரு."

அவள் திட்டியிருந்தால், பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து மண்டையில் ஒரு போடு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சும்மா நின்றாள். இத்தனை நாள் எந்த மனுஷனை ஊர் சிரிக்க வைத்தாரோ, அந்த மனுஷன் இவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். தூ என்று தன்மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

போனை எடுத்தார். தங்கை கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டரம்மா, அந்த போல்ட்டை முறுக்கினது நான்தான். மாப்பிள்ளை அன்னைக்கு இந்தப் பக்கமே வரல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."



"அண்ணே, அவரே வாய் திறந்து ஒத்துக்கிட்டாரு. தங்கச்சி குடும்பத்துக்காக நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. எனக்குப் புரியாதா? ஆனா அந்த வேலைக்கு வேற ஆளைச் சேர்த்தாச்சு."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்..."

"போதும்ண்ணே. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? உங்க மேல எனக்கு மரியாதை இன்னும் கூடிடுச்சு. பேஷன்ட் காத்திருக்காங்க, வச்சிடறேன்."

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டியாண்ணா? மரியாதை கூடிடுச்சாம்."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.